திண்ணை மணலில் இருந்து மணற்கேணி வரை: பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு கணக்கு

கணக்கு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பரீட்சைதான். அடுத்து ஞாபகம் வருவது பயம்! வாய்பாடு, சூத்திரம், ஐந்து மதிப்பெண் வினா, பத்தாம் வகுப்பு ரிசல்ட்... இதோடு பெரும்பாலானோரின் கணிதம் முடிந்துவிடுகிறது. ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே இன்னொரு கணிதம் எப்போதும் இருந்திருக்கிறது. புதிர், விளையாட்டு, விடுகதை, 'இது ஏன் இப்படி வருகிறது?' என்று தூங்கவிடாமல் செய்யும் கேள்வி. மதிப்பெண்ணுக்காக இல்லாமல் யோசனையை வளர்ப்பதற்காகக் கொடுக்கப்படும் கணக்கு. இன்று உலகம் முழுக்க இதற்கென்றே தனி இணையதளங்கள் இருக்கின்றன.

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, குமுளி போகும் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. சிறிய பேரூராட்சி. அங்கே தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டிலும் இன்று ஒரு ஸ்மார்ட்போன் இருக்கக்கூடும். அந்தப் போனுக்குள் உலகத்தின் மிகச் சிறந்த கணிதப் புதிர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை அந்தப் பிள்ளையை வந்து சேர்ந்துவிட்டனவா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் இருநூறு வருடம்!

திண்ணையும் எண்சுவடியும்

ஆங்கிலேயர் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ ஒரு வாத்தியார். முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகள். எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலை.

அங்கே எழுத்துக்குச் சமமாக எண்ணும் இருந்தது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று மனப்பாடம் செய்யவேண்டிய சுவடிகள் பல. பொன்னிலக்கம் பொன், பணக் கணக்கு. நெல்லிலக்கம் நெல் அளக்கும் கணக்கு. குழிமாத்து நில அளவுக் கணக்கு. இன்றைய பாஷையில் சொன்னால் முழுக்க முழுக்க காமர்ஸ் சிலபஸ்!

அதில் வியப்பான விஷயம் பின்னங்கள். இன்று ஆறாம் வகுப்பில் பின்னம் வந்தாலே திணறும் பிள்ளைகள் உண்டு. திண்ணைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் இருந்தது. அரை, கால், அரைக்கால் வரை நமக்குத் தெரியும். அதற்குக் கீழே மாகாணி என்றால் 16ல் ஒரு பங்கு. மா என்றால் 20ல் ஒரு பங்கு. காணி என்றால் 80ல் ஒரு பங்கு. முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு. 320 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 16ஐ 20ஆல் பெருக்கினால் 320. அதாவது ஒரு மாவை 16 பங்கு போட்டால் ஒரு பங்கு முந்திரி. பாதி, அதில் பாதி என்று போகும் கணக்கையும் பத்து, இருபது என்று போகும் கணக்கையும் ஒன்றாக இணைக்கும் எண் அது. அதற்கும் கீழே கீழ்முந்திரி. முந்திரியில் 320ல் ஒரு பங்கு, அதாவது 1,02,400ல் ஒன்று!

சரி, இவை எல்லாம் மனப்பாடம்தானே, இதில் யோசனை எங்கே என்று கேட்கலாம். அதற்குத்தான் கணக்கதிகாரம் மாதிரி நூல்கள். காரி நாயனார் பெயரில் வழங்கும் இந்த நூல் கணக்கைச் செய்யுளில் சொல்கிறது. நிலம், நெல், பொன் அளவைகளோடு வேடிக்கையான கேள்விகளும் அதில் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்வது எப்படி? காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. இந்த விடை எல்லாப் பழத்துக்கும் சரியாக வருமா என்பது வேறு விஷயம். கேள்வியின் அழகைப் பாருங்கள். கையில் இருக்கும் பொருள், கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையில் இருந்து தெரியாத எண்ணிக்கைக்குப் போகும் வழி, பழத்தை வெட்டினால் உடனே சரிபார்க்கலாம். இன்றைய கல்வியாளர்கள் 'செயல்வழிக் கற்றல்' என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

மன்றோ எடுத்த கணக்கு

இந்தத் திண்ணைப் பள்ளிகளை வெள்ளைக்காரர்கள் கவனிக்காமல் இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் 1789ல் ராணுவ ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை உள்ளூர்ப் பள்ளியில் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் பள்ளியில் நடத்தினார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறைதான்! 1797ல் இதைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

அடுத்து சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. 1822ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் தொகுத்த முடிவு இது: பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சுமார் 15 பேர். ஒரு திண்ணையில் உட்காரக்கூடிய கூட்டம்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பையன்கள் 1,84,110. பெண் பிள்ளைகள் வெறும் 4,540. நூற்றுக்கு இரண்டரை பேர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. ஆகவே 'அந்தக் காலத்தில் எல்லாம் பிரமாதமாக இருந்தது' என்று பெருமூச்சு விட முடியாது. திண்ணையில் கணக்கு தமிழில் இருந்தது, ஊர் வாழ்க்கையில் இருந்தது. யாருக்கு என்ற கேள்வியில்தான் தோற்றது.

பின்னால் வந்த அரசுப் பள்ளிகளும் பரீட்சைகளும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. ஆனால் உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது. மாகாணியும் முந்திரியும் போனது. பலாச்சுளைக் கேள்வியும் போனது. 'எது பரீட்சைக்கு வரும்?' என்ற கேள்வி வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீசகணிதம்

உயர்கணிதத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சின்னச் செய்தி. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823ல் ஒரு செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்து ஆசிரியராகவும் இருந்தவர் கரோல் விசுவநாதபிள்ளை. அவர் 1855ல் 'வீசகணிதம்' என்ற பெயரில் அல்ஜீப்ரா நூலைத் தமிழில் கொண்டுவந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இவரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும்தான்.

நூற்றெழுபது வருடத்துக்கு முன்பே அல்ஜீப்ரா தமிழில் அச்சாகிவிட்டது. ஆகவே தடை மொழியில் இல்லை. தொடர்ந்து எழுத ஆள் இல்லாததில்தான் இருந்தது.

தபாலில் வந்த கணிதம்

இன்டர்நெட் இல்லாத காலத்தில் புதிய கணிதம் எப்படிக் கிடைத்திருக்கும்? வெளிநாட்டுப் புத்தகமும் பத்திரிகையும் தனி ஆள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் கணிதப் பேராசிரியர் அல்ல, ஒரு டெபுடி கலெக்டர்! அவர் பெயர் வி. ராமசுவாமி ஐயர். 1906 கிறிஸ்துமஸ் அன்று கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். எல்லோரும் சந்தா போட்டுப் புத்தகங்களும் பத்திரிகைகளும் வாங்குவோம், உறுப்பினர்களுக்குள் தபாலில் சுற்றுக்கு விடுவோம் என்பது யோசனை. 1907ல் பிறந்த அந்தச் சங்கம்தான் பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் ஆனது. நூலகம் புனே ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது. ஒருவரால் முடியாத செலவைப் பலர் பங்கு போட்டுக்கொள்வது என்ற எளிய கூட்டுறவுக் கணக்குதான் இது. இன்று இணையத்தில் பகிர்வது என்கிறோமே, அதன் தபால் வடிவம்.

1909ல் கழகம் பத்திரிகையும் தொடங்கியது. அதில் கேள்விப் பகுதி ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் கணக்கு கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் விடை அனுப்பலாம். 1911ல் அங்கே கேள்வி எண் 289 வந்தது. கொடுத்தவர் கல்லூரித் தேர்வில் தோற்று, வேலை தேடிக்கொண்டிருந்த கும்பகோணத்து இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

கேள்வி இதுதான்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன?

மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடை சொன்னார்: 3. வழி என்ன? 3 என்பது √9. அந்த 9ஐ 1 + 2×4 என்று எழுதலாம். அந்த 4 என்பது √16. அந்த 16ஐ 1 + 3×5 என்று எழுதலாம். அந்த 5 என்பது √25. அந்த 25ஐ 1 + 4×6 என்று எழுதலாம். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்! முடிவில்லாத தொடரைக் கையாளும்போது கவனிக்கவேண்டிய நுட்பங்கள் தனியாக உண்டு. ஆனால் அடிப்படை யோசனையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

ராமானுஜன் உருவான விதமும் இதே கதைதான். பள்ளி நாட்களின் முடிவில், 1903 வாக்கில், அவர் கைக்கு வந்த புத்தகம் ஜி.எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பு. கார் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த டியூஷன் ஆசிரியர். அவர் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும். விளக்கம் மிகக் குறைவு. அதனாலேயே ஒவ்வொன்றையும் ராமானுஜன் தானே நிரூபித்துப் பார்த்தார். பரீட்சைக்காக எழுதிய கைடு ஒன்று, பரீட்சையில் தோற்ற ஒருவரை உலகக் கணித மேதையாக்கியது. கைடு அதேதான், பயன்படுத்திய விதம் வேறு!

வேலை கேட்டு ராமானுஜன் போய் நின்றது அதே ராமசுவாமி ஐயரிடம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அவர், இவரைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்க மனமில்லாமல் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912ல் ராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை கிடைத்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் இந்தத் தபால் வலைக்கும் ஒரு எல்லை இருந்தது. எல்லாம் ஆங்கிலம். உறுப்பினர்கள் கல்லூரி படித்தவர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்காட்டுப் பிள்ளைக்கு அந்தப் பத்திரிகை போய்ச் சேர வாய்ப்பே இல்லை.

6174

அடுத்த கதாநாயகர் மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரின் பள்ளி ஆசிரியர், டி.ஆர். கப்ரேக்கர். எண்களோடு விளையாடுவதுதான் அவர் வாழ்க்கை. 1949ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் ஒரு எண்ணைப் பற்றிச் சொன்னார். 6174.

இதைச் செய்து பார்க்கப் பேனாவும் பேப்பரும் போதும். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களைப் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்குங்கள். பிறகு சிறியதில் இருந்து பெரியதாக அடுக்குங்கள். கழியுங்கள். வந்த விடையை மறுபடி அதே மாதிரி செய்யுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் பிடித்த எண்ணிலேயே தொடங்கலாம். முல்லைப் பெரியாறு அணை திறந்த ஆண்டு 1895.

9851 – 1589 = 8262
8622 – 2268 = 6354
6543 – 3456 = 3087
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

இனி 6174ஐ அடுக்கிக் கழித்தாலும் 7641 – 1467 = 6174. அங்கேயே நின்றுவிடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வரும்! கழித்தல் தெரிந்த நான்காம் வகுப்புப் பிள்ளையும் விளையாடலாம். ஏன் இப்படி என்று கேட்டால் கல்லூரி மாணவரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம். நல்ல கணிதப் புதிரின் இலக்கணம் இதுதான். நுழைய எளிது, உள்ளே போகப் போக ஆழம். கப்ரேக்கரைப் பலர் பெரிதாக மதிக்கவில்லை. 1975ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் புதிர்ப் பகுதியில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று கணிதப் புதிர் தளங்களில் அடிக்கடி தென்படும் எண்களில் 6174ம் ஒன்று.

ஒரு பள்ளி வாத்தியாரின் பிடிவாதம்

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். மாணவர்களை வைத்து 'எண் நண்பர்கள் சங்கம்' நடத்திய பள்ளி அது. ராமானுஜனோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து, கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்து, 1968ல் தொகுதியாகக் கொண்டுவந்தார் சீனிவாசன். அதை வெளியிட்டது பல்கலைக்கழகம் இல்லை. அந்தப் பள்ளியும், அதன் எண் நண்பர்கள் சங்கமும், பழைய மாணவர்களும்தான்! இன்று ராமானுஜன் வாழ்க்கையை எழுதும் யாரும் அதைத் தவிர்க்க முடியாது.

1965ல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு ஒரு பத்திரிகை, மாணவர்களுக்கு 'ஜூனியர் மேத்தமெடிசியன்' என்ற இன்னொரு பத்திரிகை, தேசிய அளவில் கணிதத் திறன் போட்டி என்று சங்கம் விரிந்தது. சீனிவாசன் இதிலும் முன்னால் நின்றார். 1993ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவர் முயற்சியால் அமைந்தது. பெரிய கட்டடம் இல்லை, சின்ன இடம்தான். 2005ல் அவர் காலமானார். பொருளோ பணமோ இல்லாமலே ஒரு ஆசிரியரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் உதாரணம்.

தமிழில் இந்த வேலையைச் செய்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987ல் தொடங்கிய 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ் சின்ன ஊர்ப் பிள்ளைகளையும் எட்டியது. இயக்கத்தில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். தேசியக் கலைத்திட்டம் 2005க்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவரும் அவர்தான். பள்ளிக் கணிதத்தின் முதல் பிரச்சினையாக அந்த அறிக்கை சொன்னது பயத்தைத்தான். விடை கண்டுபிடிக்கச் சொல்வது நோக்கம் இல்லை, பிள்ளையைக் கணித ரீதியாக யோசிக்க வைப்பதே நோக்கம் என்றது.

வலை விரிந்தது

1996ல் மதுரையில் இருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே 1996ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டோனி பியர்டன் தலைமையில் 'என்ரிச்' என்ற திட்டம் தொடங்கியது. பாடத்துக்கு வெளியே யோசிக்க வைக்கும் கணிதப் புதிர்களை இணையத்தில் இலவசமாகத் தருவதுதான் வேலை. பக்கத்தில் நல்ல ஆசிரியர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கும் கணித நட்பு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ராமசுவாமி ஐயரின் தபால் யோசனைதான், வழி மட்டும் கம்ப்யூட்டர்! பிள்ளைகள் அனுப்பும் விடைகளில் நல்லவற்றை வெளியிடும் வழக்கமும் அங்கே உண்டு. 1911ன் கேள்விப் பகுதி ஞாபகம் வருகிறதா?

2001, 2002 வாக்கில் ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக 'ஜியோஜீப்ரா' மென்பொருளை உருவாக்கினார். முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் கண் முன்னால் மாறும். மூன்றையும் கூட்டினால் எப்போதும் 180தான். 2006ல் சல்மான் கான் உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லித்தர எடுத்த வீடியோக்களை யூடியூபில் போட ஆரம்பித்தார். 2008ல் அது கான் அகாடமி ஆனது.

தமிழ் எங்கே இருந்தது? தமிழர்கள் இணையத்துக்குத் தாமதமாக வரவில்லை. மதுரைத் திட்டம் 1998ல் இலக்கியங்களை மின்னூலாக்கத் தொடங்கியது. 1999ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு. 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். 2003ல் தமிழ் விக்கிப்பீடியா. தேனியில் இருந்தே 'முத்துக்கமலம்' என்ற இணைய இதழ் 2006ல் தொடங்கியது. ஆனால் அப்போது ஒரு தளத்தைப் படிக்க அதற்குரிய ஃபாண்டை இறக்க வேண்டியிருந்தது. ஒன்றில் டிஸ்கி, இன்னொன்றில் டாப், வேறொன்றில் யூனிகோட்! தமிழுக்கே இந்தப் பாடு என்றால், வர்க்கமூலமும் பின்னமும் சேர்ந்த வரியை எப்படி எழுதுவது? சூத்திரத்தைப் படமாக ஒட்டவேண்டிய நிலை. கவிதையும் கட்டுரையும் தமிழ் இணையத்தில் வேகமாக வளர்ந்தபோது கணிதம் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கியூஆர் கோடும் கொரோனாவும்

2018ல் தமிழ்நாட்டின் புதிய பாடப்புத்தகங்கள் வரத் தொடங்கின. பக்க ஓரத்தில் கியூஆர் கோடு. கணிதப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற தலைப்பில் ஜியோஜீப்ரா பயிற்சிகளுக்கு வழி. தமிழ் வழிப் புத்தகத்திலும் அதே வசதி. வளமூட்டும் கணிதம் முதல் தடவையாக அரசுப் பள்ளிப் பிள்ளையின் பைக்குள் போனது என்றே சொல்லலாம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம்! அந்த மாதங்களில் 'இணையத்தில் எல்லாம் இருக்கிறது' என்ற வாக்கியத்தின் உண்மை விலை தெரிந்தது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. ரீசார்ஜ் முடிந்தால் பாடமும் முடிந்தது. பள்ளிகள் திறக்கும் சமயத்தில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்... இருநூறு வருடம் கழித்து மறுபடி திண்ணை! இந்தத் தடவை பெண் பிள்ளைகளும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த திண்ணை. சொல்லிக்கொடுத்தவர்களிலும் பெண்களே அதிகம். 2022ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

2023 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறை 'மணற்கேணி' என்ற செயலியை வெளியிட்டது. பாடங்களைத் தமிழிலும் அசைபடமாக விளக்கும் செயலி. தோண்டத் தோண்ட ஊறும் மணல் கிணறு என்று பொருள். மணலில் விரலால் எழுதிய திண்ணையில் தொடங்கிய கதை மணற்கேணியில் வந்து நிற்பது பொருத்தம்தான்.

இன்னும் என்ன குறை?

எல்லாவற்றையும் ஒரு ஐந்தொகை மாதிரி எழுதிப் பார்க்கலாம். திண்ணையில் மொழி இருந்தது, ஊர் வாழ்க்கை இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. தபால் காலத்தில் உயர்ந்த கணிதம் இருந்தது, தமிழ் இல்லை. சீனிவாசன் போன்றவர்களிடம் ஆசை இருந்தது, ஆனால் ஒருவர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? என்ரிச் போன்ற தளங்களில் புதிர் இருக்கிறது, பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் செயலிகளில் தமிழ் இருக்கிறது, ஆனால் அவை பாடப்புத்தகத்தைச் சுற்றியே வருகின்றன. யூடியூபில் தமிழில் கணக்கு என்று தேடினால் முதலில் வந்து குவிவது முக்கிய வினாக்களும் போட்டித் தேர்வு ஷார்ட்கட்டுகளும்தான். அவையும் தேவைதான். பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் பலாச்சுளைக் கேள்வி அங்கே இல்லை.

சரி, இன்று பலாச்சுளைக் கேள்வி எப்படி இருக்கும்? அனுமந்தன்பட்டியில் இருந்தே ஒன்று சொல்லலாம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். இந்த எண் ஒவ்வொரு வருடமும் தண்ணீர் திறக்கும் நாளில் செய்தித்தாளில் வரும். இவ்வளவு நிலத்திலும் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் வினாடிக்கு 1,000 கன அடி வீதம் எத்தனை நாள் திறக்க வேண்டும்?

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பெருக்கினால் சுமார் 64 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆகவே ஒரு நாளில் வருவது 8 கோடியே 64 லட்சம் கன அடி. வகுத்தால் ஏழரை நாளுக்குச் சற்றுக் குறைவு. மண் உறிஞ்சுவது, வெயிலில் ஆவியாவது எல்லாம் சேர்த்தால்? அது அடுத்த கேள்வி.

இன்னொன்று. அணையின் நீர்மட்டம் 136 அடி, 142 அடி, 152 அடி என்ற எண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடை வரை தெரியும். 1979ல் எழுந்த பாதுகாப்புப் பிரச்சினைக்குப் பிறகு 136ஆகக் குறைந்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. 136ல் இருந்து 142க்கு ஆறு அடி. 130ல் இருந்து 136க்கும் ஆறு அடிதான். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரா? இல்லை. மேலே போகப் போக அணை அகலமாகிறது, அதனால் மேல் ஆறு அடியில் தண்ணீர் அதிகம். எவ்வளவு அதிகம் என்று கேட்டால் ஏழாம் வகுப்பில் தொடங்கி நேராக நுண்கணிதத்தில் போய் இறங்கலாம். வெறும் ஆறு அடிக்கு ஏன் இரண்டு மாநிலம் இத்தனை வருடம் வழக்காடியது என்பதும் அப்போது புரியும்.

இந்த மாதிரிக் கேள்விகளைக் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து யாராலும் எழுத முடியாது. மொழிபெயர்த்தும் கொண்டுவர முடியாது. அந்தந்த ஊர் ஆசிரியரும் மாணவரும்தான் எழுத வேண்டும். எழுதிய பிறகு உலகத்துக்கே காட்ட இன்று வழி இருக்கிறது. ஃபாண்டு பிரச்சினை தீர்ந்துவிட்டது. சூத்திரத்தைப் படமாக ஒட்டவும் தேவையில்லை. கரோல் விசுவநாதபிள்ளைக்கு அச்சகம் வேண்டியிருந்தது, ராமசுவாமி ஐயருக்குச் சந்தாவும் தபால் தலையும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு போன் போதும்.

நல்ல கணிதத்துக்கு நம்மிடம் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. அது யாருக்கு, எந்த மொழியில், யார் கையால் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் ஒவ்வொரு காலமும் ஜெயித்தது அல்லது தோற்றது. மணற்கேணி வந்தாயிற்று. இனி தோண்டுவதற்கு ஆள் வேண்டும்.